ஒரு சொட்டு ரத்தமும் மூன்று புள்ளிகளும்

பெங்களூரு
3 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

பெட்டி வந்து சேர்ந்ததா என்று ஃபோனில் கேட்டிருப்பேன். கேட்கக்கூடாதாம். நெறிமுறைக் குழுவின் தலைவி கறாராகச் சொல்லிவிட்டார்: "அட்டையைச் செய்தவர் தம்பி, அதை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கிற டாக்டர் அக்கா. அப்படியானால் இதைப் பற்றி நீங்கள் இருவரும் பேசுவதெல்லாம் தாளில் இருக்கவேண்டும். தேதி, கையெழுத்து, எங்களுக்கு ஒரு நகல்." ஆகவே அம்மாவின் முட்டுவலியையும் கருங்கல் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விலையையும் ஃபோனில் பேசிக்கொள்ளலாம். பாம்பு என்றால் தபால்தான்.

பெட்டிக்குள் இருப்பவை சீட்டுக்கட்டின் சீட்டு அளவில் அட்டைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு புள்ளிகள். வெறும் தாள் என்று நினைத்துவிடாதே. அதற்குள் நான் எழுதிய டி.என்.ஏ. இழைகள் உலர்ந்து கிடக்கின்றன. எந்த உயிரிலிருந்தும் எடுத்தவை அல்ல. எழுத்தெழுத்தாக நான் வரிசை போட்டுக் கொடுத்து, இயந்திரத்தில் கோத்தவை.

கணினி படித்தவன் எதற்காகச் சோதனைக்கூடத்தில் சொட்டு சொட்டாக எதையோ விட்டுக்கொண்டிருக்கிறான் என்று அப்பா இன்னும் கேட்கிறார். நான் இன்றும் நிரல்தான் எழுதுகிறேன் அக்கா. அது ஓடுகிற இடம்தான் வேறு. டி.என்.ஏ. இழை தனக்குப் பொருத்தமான ஜோடியைக் கண்டால் பிடித்துக்கொள்ளும். அதைவிடப் பொருத்தமானது வந்தால் பழையதை உதறிவிட்டுப் புதியதைப் பிடிக்கும். உதறப்பட்ட இழை சும்மா இருக்காது, அடுத்த இடத்தில் போய் இன்னொன்றைக் கழற்றும். எது வந்தால் எது கழலவேண்டும், கழன்றது எங்கே போகவேண்டும் என்பதை எழுத்து வரிசையிலேயே நான் தீர்மானித்துவிடலாம். "இதுவும் அதுவும் இருந்தால்", "இது இருந்து அது இல்லாவிட்டால்" என்று சிப்புக்குள் நடக்கிற கணக்கு இங்கே ஒரு சொட்டு ஈரத்துக்குள் நடக்கும். பேட்டரிகூட வேண்டாம்.

விஷத்தையே பிடிக்கிற இழைகளும் உண்டு; அவற்றை வைத்து உன் அட்டைக்கு இரண்டே கேள்விகள் எழுதியிருக்கிறேன். ரத்தத்தில் விரியன் விஷம் இருக்கிறதா? இருந்தால், அது கண்ணாடி விரியனுக்கு மட்டுமே உரியதா? இரண்டுக்கும் ஆம் என்றால் ஆரஞ்சுப் புள்ளி ஒளிரும், மருந்து போடு. முதலாவதற்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்றால் பச்சைப் புள்ளி. உங்கள் மலையில் சருகோடு சருகாகக் கிடக்கிற, மூக்கைத் தூக்கி வைத்திருக்கிற அந்தச் சின்ன விரியன். நீ மூக்கன் என்பாயே, அதுதான். அதற்கு மருந்தால் பயனில்லை.

இங்கே நூற்றுக்கணக்கான முறை ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. ஒரு தடவைகூடப் பிசகவில்லை. இனி உன் கையில்.

உன் தம்பி,
ரதீஷ்


பேச்சிப்பாறை
16 ஜூன் 2024

ரதீஷுக்கு,

பெட்டியைக் குலசேகரத்தில் ஒரு டீக்கடையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரி ஜீப்பை அனுப்பி எடுத்துவந்தேன். அட்டைகள் நனையவில்லை.

ரீத்தா சிஸ்டரை உனக்குத் தெரியாது. கடியப்பட்டணத்துக்காரி. கடலை விட்டு மலைக்கு வேலைக்கு வந்ததை இன்றுவரை ஒரு தண்டனையாகவே சொல்லிக்கொண்டிருப்பவள். எனக்கு வலது கை. உன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாம்பு கடிச்சு வாறவன்கிட்ட இந்தச் சீட்டைக் காட்டினா, ஜோசியம் பாக்குதோமுண்ணு நெனைப்பான் டாக்டரே" என்றாள். நீ எழுதியிருந்ததை அவளுக்கு விளக்கினேன். "அப்போ ஜோசியந்தான்" என்றாள்.

குழு போட்டிருக்கிற விதியை இங்கே ஒழுங்காகக் கடைப்பிடிப்போம். நோயாளியின் சம்மதம் வாங்கியதும் அட்டையில் ரத்தச் சொட்டு விடுவது, நீல விளக்கு அடித்துப் படம் எடுப்பது, அட்டையைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டுவது எல்லாம் ரீத்தாவின் வேலை. நான் பார்க்கமாட்டேன். படம் பெயரில்லாமல், எண்ணோடு மட்டும் உனக்கு வரும். அட்டை நம்பத்தக்கதா என்று தெரியும்வரை அது என் கையை அசைக்கக்கூடாது.

நான் எப்படித்தான் முடிவெடுக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கவேண்டும். இங்கே கடிபட்டு வருகிறவர்களில் பலர் பாம்பைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். விடியும் முன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறார்கள். தலைவிளக்கின் வெளிச்சம் மரத்தில் இருக்கும், காலடியில் இருக்காது. நல்ல பாம்போ கட்டுவிரியனோ என்றால் இமை சரிவதைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். விரியன் இனம் என்றால், கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை எடுத்து இருபது நிமிடம் ஆடாமல் வைத்துச் சாய்ப்பேன். கட்டியாக நின்றால் நிம்மதி. தண்ணீராக ஓடினால் ஏதோ ஒரு விரியன். எந்த விரியன் என்று குழாய் சொல்லாது. ஆகவே எல்லோருக்கும் விஷமுறிவு மருந்து போடுகிறேன். கண்ணாடி விரியன் கடித்திருந்தால் அது உயிரைக் காப்பாற்றும். மூக்கன் என்றால் வீண். வீண் மட்டுமில்லை, சிலருக்கு அந்த மருந்தே ஒவ்வாமல் மூச்சை அடைக்கும்.

அதனால்தான் உன் அட்டை எனக்கு வேண்டும். அதனால்தான் அவசரப்படவும் மாட்டேன்.

இந்துஜா


பெங்களூரு
2 செப்டம்பர் 2024

அக்கா,

தாணம்மாள் சித்தியைப் பற்றி அம்மா ஃபோனில் சொல்லி அழுதாள். நீ சொல்லவில்லை. குழுவின் விதி என்பாய்.

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். சித்தி ரப்பர் மரத்தடியில் உறைந்த ஒட்டுப்பால் பொறுக்கும்போது கையில் கடி. உன்னிடம் வந்தாள். நீ மருந்து போட்டாய். அது ஒவ்வாமல் மூச்சு நின்றுபோகப் பார்த்தது. நாகர்கோவில் பெரிய ஆஸ்பத்திரியில் இன்னும் படுத்திருக்கிறாள், சிறுநீரகத்துக்கு இயந்திரம் வைத்திருக்கிறார்கள். மறுநாள் சித்தப்பா ஒட்டுப்பால் சாக்குக்கு அடியில் கிடந்த பாம்பை அடித்து, வாளியில் போட்டு அந்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். மூக்கன்.

அன்றைய தேதியில் உன் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு வந்தது ஒரே ஒரு படம். அதில் பச்சைப் புள்ளி எரிகிறது. பளிச்சென்று.

நீ மருந்துப் புட்டியை உடைத்த அறைக்கு அடுத்த அறையில், ரீத்தா சிஸ்டரின் அலமாரியில், விடை பூட்டிக் கிடந்திருக்கிறது அக்கா. நீ ஒரு கதவைத் திறந்திருந்தால் போதும். அந்த மருந்தே போட்டிருக்க வேண்டியதில்லை.

ஆறு வருஷம் இதற்காக உழைத்திருக்கிறேன். இது சரியாகச் சொல்கிறது என்று எனக்குத் தெரியும். இனிமேலாவது பார். பார்க்கமாட்டேன் என்றால் அது நெறிமுறை இல்லை, பயம். உன் பயத்துக்கு நெறிமுறை என்று பெயர் வைத்திருக்கிறாய்.

ரதீஷ்


பேச்சிப்பாறை
9 செப்டம்பர் 2024

ரதீஷ்,

உன் கடிதத்தின் நகல் குழுவுக்கும் போயிருக்கும். போகட்டும். இதுவும் போகும்.

சித்தி தானாகவே நடந்து வந்தாள். கையைச் சேலைத் தலைப்பால் சுற்றியிருந்தாள். "ஏட்டி இந்து, எனக்கு ஒண்ணுமில்ல. ஒரு முள்ளு குத்தினதாட்டு இருக்கு. உங்க சித்தப்பா கெடந்து கத்துதாரு, அதுக்காகத்தான் வந்தேன்" என்றாள். விரல் வீங்கிக் கறுத்திருந்தது. குழாயைச் சாய்த்தேன், ரத்தம் தண்ணீராக ஓடியது. நான் மருந்து போட்டேன். அந்த இடத்தில், அந்த நேரத்தில், எனக்குத் தெரிந்ததை வைத்துச் செய்யவேண்டியது அதுதான். நாளைக்கு இன்னொருவர் அதே நிலையில் வந்தாலும் அதையே செய்வேன்.

முதல் புட்டி இறங்குவதற்குள் உதடு தடித்தது. "மக்கா, தொண்ட அடைக்குவு" என்றாள். பிறகு பேச்சு வரவில்லை. ஒவ்வாமைக்கான ஊசி போட்டேன், மறுபடி போட்டேன். நாகர்கோவில் போய்ச் சேரும்வரை ஆம்புலன்சில் முட்டுக்குத்தி உட்கார்ந்து, அவள் மூச்சுக்காக என் கையால் பையை அமுக்கிக்கொண்டே போனேன். நான்கு வருஷம் என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள் அவள். நீ எனக்கு அலமாரியைப் பற்றிச் சொல்லித் தரவேண்டாம்.

பயம் என்கிறாய். பயந்திருந்தால் பார்த்திருப்பேன். பயந்தவர்கள்தான் கையில் கிடைத்ததைப் பிடிப்பார்கள்.

உன் அட்டை அன்று சரியாகச் சொல்லியிருக்கிறது, சந்தோஷம். ஒரு நாள் சரியாகச் சொன்னதால் எல்லா நாளும் சரியாகச் சொல்லும் என்று ஆகிவிடாது. நீ ஓட்டிப் பார்த்ததெல்லாம் குளிரூட்டிய அறையில், அளந்து கலந்த விஷத்தில். இங்கே வருகிறவர்கள் சிலர் ஓடி வருகிறார்கள், சிலர் மந்திரித்துக்கொண்டு மெதுவாக வருகிறார்கள், சிலர் சாராயம் குடித்திருப்பார்கள். இவர்களிடம் அது எப்போது, எப்படித் தவறும் என்று உனக்குத் தெரியாது. தவறாது என்று நினைக்கிறாய். அது வேறு.

கொஞ்ச நாள் ஃபோனில் பேசவேண்டாம். அம்மாவின் முட்டுவலியைப் பற்றி அம்மாவிடமே கேட்டுக்கொள்.

இந்துஜா


பெங்களூரு
20 செப்டம்பர் 2024

அக்கா,

சிகிச்சை செய்யும் டாக்டர் அட்டையைப் பார்க்கலாம் என்று விதியைத் திருத்தும்படி குழுவுக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். உன்னைக் கேட்காமல்தான் அனுப்பினேன். கேட்டால் என்ன சொல்வாய் என்று தெரியும். இதுவரை வந்த படங்களையும் சேர்த்திருக்கிறேன். அவர்கள் முடிவு செய்யட்டும்.

ரதீஷ்


பேச்சிப்பாறை
14 டிசம்பர் 2024

ரதீஷுக்கு,

உன் விண்ணப்பத்தைப் பற்றிக் குழு என்னிடம் கருத்துக் கேட்டது. கூடாது என்று எழுதினேன். அவர்கள் ஒரு நடுவழி சொன்னார்கள்: இதுவரையிலான அட்டைகளைத் திறந்து, நோயாளிகளின் ரத்தத்தை வேறொரு ஆய்வகம் சோதித்துச் சொன்ன முடிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, பிறகு தீர்மானிப்பது. நேற்று இங்கே வந்து அலமாரியைத் திறந்தார்கள். அறிக்கை உனக்கு அடுத்த வாரம் வரும். அதற்கு முன் நீ என் கையெழுத்தில் தெரிந்துகொள்வது நல்லது என்று அனுமதி கேட்டு எழுதுகிறேன்.

பெரும்பாலான அட்டைகள் சரி. ஒன்றை அடுத்து ஒன்றாக அவர்கள் வாசிக்க வாசிக்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ரீத்தா என் காதில், "ஜோசியக்காரன் கொள்ளாமே" என்று மெச்சினாள்.

அப்புறம் ஜெரிஷின் அட்டை வந்தது.

ஜெரிஷ் ரப்பர் பால் ஏற்றும் டெம்போவின் டிரைவர். அக்டோபர் மழையில் எங்கள் பின்வாசலுக்கு அருகே வண்டியைத் திருப்ப இறங்கியவனைக் கணுக்காலில் கடித்துவிட்டது. அங்கிருந்து எங்கள் வராந்தாவுக்கு நொண்டிக்கொண்டே வந்துவிட்டான். நான் இதுவரை பார்த்தவர்களில் இத்தனை சீக்கிரம் வந்தவன் யாருமில்லை. ரீத்தா உடனே சொட்டு எடுத்தாள். என் குழாயில் ரத்தம் கட்டியாக நின்றது. ஒன்றுமில்லையோ என்றுகூடத் தோன்றியது. ஆனாலும் அவனைப் போகவிடவில்லை. மறுபடி குழாயில் எடுத்தேன், ஓடியது. மருந்து போட்டேன். சிறுநீர் சிவப்பாகப் போனது, இரண்டு நாள் எங்களை ஆட்டிவைத்தான். பிழைத்துவிட்டான். வண்டியருகே பால் பீப்பாய்களுக்குப் பின்னால் காவலாளி கண்ட பாம்பு, ஒரு முழத்துக்கு மேல் நீளம், கண்ணாடி விரியன். ஆய்வகமும் அதையே சொல்லியிருக்கிறது.

அட்டையில் எரிந்திருந்தது பச்சை.

நான் அன்று அந்தப் பச்சையைப் பார்த்திருந்தால் என் கை மருந்துக்குப் போயிருக்காது. நீ செய்தது என்பதால் நம்பியிருப்பேன். ரத்தம் ஓடுவதைக் கண்ட பிறகும், மூக்கன்தானே, தானாகச் சரியாகும் என்று காத்திருப்பேன். ஜெரிஷ் இறந்திருப்பான்.

உன்னை ஜெயித்துவிட்டேன் என்று காட்ட இதை எழுதவில்லை. அறையில் எல்லோரும் எழுந்து போன பிறகும் நான் அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மற்றவை சரியாக இருக்கும்போது இது ஏன் தவறியது? அதைக் கண்டுபிடிக்க உன்னால்தான் முடியும். கண்டுபிடி.

இந்துஜா


பெங்களூரு
8 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைச் சோதனைக்கூடத்தின் மாடிப்படியில் நின்று படித்தேன். படித்துவிட்டு உள்ளே போகவில்லை, வீட்டுக்கு நடந்தேன். அடுத்த நாளும் போகவில்லை. மூன்றாம் நாள், தவறு எந்த இடத்தில் இருக்கமுடியும் என்று யோசித்துக்கொண்டே பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஓர் இடத்தில்தான் இருக்கமுடியும்.

"இல்லை."

விரியன் விஷம் இருக்கிறது, கண்ணாடியின் விஷம் இல்லை, ஆகவே மூக்கன் என்று எழுதியிருந்தேனே, அந்த "இல்லை." கணினியில் இல்லை என்றால் இல்லைதான். கேட்ட மாத்திரத்தில் அங்கே பூஜ்யமோ ஒன்றோ இருக்கும். ரத்தம் அப்படியில்லை. கடித்த இடத்திலிருந்து விஷம் பைய ஊறி வருகிறது. அதில் எல்லா விரியனுக்கும் பொதுவானது முதலில் தலைகாட்டுகிறது. கண்ணாடிக்கே உரியது பின்னால் வருகிறது. ஜெரிஷ் வந்த வேகத்தில் அது இன்னும் வந்து சேரவில்லை. வராததை என் இழைகள் இல்லாததாக எடுத்துக்கொண்டு பச்சையை ஏற்றிவிட்டன. ஏற்றியதை அவற்றால் திரும்ப அணைக்கமுடியாது. கழன்ற இழை கழன்றதுதான்.

என் சோதனைக்கூடத்தில் விஷத்தை முழுதாகக் கலந்துவிட்டுத்தான் சொட்டு எடுப்பேன். அங்கே யாரும் பாதி வழியில் இருக்கவில்லை. அதனால்தான் ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

இதை மாற்றமுடியும். மாற்றுவேன். மூக்கனின் விஷத்தை நேராகப் பிடிக்கும் இழை அன்று கிடைக்கவில்லை என்றுதான் "இல்லை"யை வைத்துச் சமாளித்தேன். இப்போது அதைத் தேடிப் பிடிக்கவேண்டும். அது கிடைத்தால் பச்சை தன் சொந்த ஆதாரத்தில் எரியும், ஆரஞ்சு தன் சொந்த ஆதாரத்தில் எரியும். யாருடைய இல்லாமையும் யாருக்கும் சாட்சி ஆகாது. பொதுவானது மட்டும் வந்து இரண்டும் வராவிட்டால், மூன்றாவதாக ஒரு வெள்ளைப் புள்ளி. அதற்கு அர்த்தம்: விரியன்தான், எதுவென்று தெரியாது, பொறுத்து இன்னொரு சொட்டு கொடு.

ஒன்று வேண்டும். ஒவ்வொரு நோயாளியும் கடிபட்ட நேரத்துக்கும் ரீத்தா சிஸ்டர் சொட்டு எடுத்த நேரத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி? குழுவிடம் அனுமதி வாங்கிவிட்டேன். நான் நினைப்பது சரி என்றால், சீக்கிரம் வந்தவர்களின் அட்டைகளில்தான் தடுமாற்றம் இருக்கும்.

விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன். பயம் என்று எழுதியதையும்.

ரதீஷ்


பேச்சிப்பாறை
27 ஜனவரி 2025

ரதீஷுக்கு,

நீ சொன்னதுதான். இடைவெளிகளைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். ஜெரிஷ் தவிர, சீக்கிரம் வந்த இன்னொருவரின் அட்டையில் பச்சையும் ஆரஞ்சும் சேர்ந்தே எரிந்திருக்கின்றன. பச்சை முதலில் எரிந்து, ஆரஞ்சு பிறகு வந்திருக்கவேண்டும். தாமதித்து வந்த எல்லோருக்கும் அட்டை சரி.

சித்தி வந்திருந்தாள். மெலிந்துவிட்டாள், ஆனால் இயந்திரம் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டாள்: "இந்து, எனக்குக் கடிச்ச அண்ணைக்கு, அது எந்தப் பாம்புண்ணு அந்த அலமாரிக்குள்ள இருந்துதாமே. உள்ளதா?"

அம்மா சொல்லியிருப்பாள். அம்மாவிடம் நீ சொல்லியிருப்பாய். ஆமாம் சித்தி, இருந்தது என்றேன்.

"நீ பாக்கல்லியா?"

"பாக்கல்ல."

"பாத்திருந்தா எனக்கு அந்த மருந்து போட்டிருப்பியா?"

"இல்ல."

ஜெரிஷைப் பற்றிச் சொன்னேன். உனக்காகப் பார்த்திருந்தால் அவனுக்காகவும் பார்த்திருப்பேன், அவன் இருந்திருக்கமாட்டான் என்றேன். கேட்டுக்கொண்டிருந்தாள். "அவன் பொழச்சது நல்லதுதான். ஆனா படுத்துக் கெடந்தது நான்லா" என்றாள். அவள் சொன்னது சரி. வாசல்வரை போனவள் திரும்பி, "ரதீஷுக்கிட்ட சொல்லு, வேகம் செய்யச் சொல்லு" என்றாள்.

அவள் என்னை மன்னித்தாளா என்று தெரியவில்லை. மன்னிக்கும்படி நான் கேட்கவும் இல்லை. வேகம் செய்.

இந்துஜா


பெங்களூரு
11 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

கிடைத்துவிட்டது. கோடிக்கணக்கான இழைகளைக் கலந்து, மூக்கன் விஷத்தோடு ஒட்டுபவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழுவி, மிஞ்சியதைப் பெருக்கி, மறுபடி கழுவி, கடைசியில் ஒரு வரிசை நின்றது. கண்ணாடி விஷத்தைக் காட்டினால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மூக்கனை விடுவதில்லை.

இந்தப் பெட்டியில் மூன்று புள்ளி அட்டைகள். இந்த முறை விஷத்தை ஒரேயடியாகக் கலக்காமல், உடம்பில் ஊறுவதைப்போலத் துளித்துளியாகச் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். தொடக்கத்தில் வெள்ளை, பிறகு உரிய நிறம். எது தவறாக எரியும் என்று நானே தேடித் தேடிச் சோதித்தேன். உன் ஆஸ்பத்திரியில் இருப்பதைப்போல வெயில், ஈரம், சாராயம் கலந்த ரத்தம்கூட. (சாராயத்துக்குக் கணக்குப் பிரிவு ரசீது கேட்கிறது.)

குழு சொல்வது: மழைக்காலம் முழுக்க மறுபடியும் பூட்டிய அலமாரிதான். எல்லாம் சரியாக இருந்தால் நீ பார்க்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. ரீத்தா சிஸ்டரிடம் நன்றாகப் பூட்டச் சொல்.

உன் தம்பி,
ரதீஷ்


பேச்சிப்பாறை
18 ஜனவரி 2026

அன்புள்ள ரதீஷ்,

குழுவின் கடிதம் டிசம்பரில் வந்தது. மழைக்காலத்து அட்டைகளில் ஒன்றுகூடத் தவறான நிறம் காட்டவில்லை. தெரியாதபோதெல்லாம் வெள்ளை எரிந்திருக்கிறது. இனி நான் பார்க்கலாம். என் மருத்துவ முடிவோடு சேர்த்து எடைபோடலாம்.

போன வாரம் சுபிதா வந்தாள். ரப்பர் நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிற பெண். ஏழு மாதக் கர்ப்பிணி. குனிந்து களை பறிக்கும்போது விரலில் கடி. பாம்பைப் பார்க்கவில்லை. கணவன் வினோஜ் பைக்கில் கொண்டுவந்தார். முதல் குழாயைச் சாய்த்தேன், ரத்தம் ஓடியது.

அட்டையை ரீத்தா என் முன்னால் வைத்து நீல விளக்கை அடித்தாள். வெள்ளை. அது மட்டும்.

"இதுக்கும் தெரியல்லியாம் டாக்டரே" என்றாள் ரீத்தா.

மருந்தைக் கரைத்து, ஊசியில் ஏற்றி, தட்டில் வைத்தேன். ஒவ்வாமைக்கானதையும் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடி விரியன் என்றால் தாமதம் இரண்டு உயிருக்கும் ஆபத்து. மூக்கன் என்றால் மருந்து இரண்டு உயிருக்கும் ஆபத்து. காலை நேரம், நல்ல வெளிச்சம், அவள் நாடி சீராக இருந்தது, வீக்கம் விரலைத் தாண்டவில்லை. எனக்கு மூக்கன் என்றுதான் பட்டது. ஆனால் சித்தியின் விரலும் ஜெரிஷின் கணுக்காலும் எனக்குத் தெரியும். எனக்குப் படுவதை மட்டும் வைத்து ஊசியை எடுக்கவும் முடியாது, தள்ளிவைக்கவும் முடியாது. இரண்டாவது சொட்டுக்காகக் காத்திருப்பது என்று முடிவு செய்தேன். அதுவரை நிலைமை சற்று மோசமானாலும் காத்திருக்காமல் போட்டுவிடுவது என்றும் ரீத்தாவிடம் சொல்லிவிட்டேன்.

வினோஜால் தாங்கமுடியவில்லை. "மருந்த கையில வெச்சுக்கிட்டு என்னத்த பாத்திட்டு நிக்குதிய? எனக்க பிள்ளைக்கு வல்லதும் ஆச்சுண்ணா…" என்று கதவை அடித்தார். நான் அவரை உள்ளே கூப்பிட்டு, சுபிதாவின் தலைமாட்டில் நிற்கவைத்தேன். என்ன பார்க்கிறோம், எதற்காகப் பார்க்கிறோம் என்று சொன்னேன். பாதி காதில் ஏறியிருக்கும். சுபிதாதான், "நீங்க சும்மா நில்லுங்க, டாக்டர் இங்கதான் நிக்காவ" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது அட்டை. முதலில் வெள்ளை வந்தது. விளக்கை அணைத்தோம், பொறுத்தோம், மறுபடி அடித்தோம். பச்சை. மெலிதாக, பிறகு தெளிவாக. ஆரஞ்சு இருட்டாகவே கிடந்தது. மூன்றாவது சொட்டும் எடுத்தேன், யாரும் கேட்காமலே. அதிலும் அதுதான்.

இந்த மலையில் நான் வேலை பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து, குழாயில் ரத்தம் ஓடிய ஒரு நோயாளிக்கு விஷமுறிவு மருந்து போடாமல் விட்டது அதுதான் முதல் தடவை. ஊசியைத் தட்டோடு எடுத்து ரீத்தாவிடம் கொடுத்தேன்.

அன்று முழுக்க அவளை விட்டு நகரவில்லை. சொட்டு நீர் ஏற்றினோம், சிறுநீரை அளந்தோம், குழந்தையின் துடிப்பைக் கேட்டோம். குழாயை மறுபடி மறுபடி சாய்த்தோம். அன்று ஓடியது, மறுநாள் காலையிலும் ஓடியது. சாயங்காலம் சாய்த்தபோது கூழாக நகர்ந்தது. அதற்கு அடுத்த காலை ரத்தம் அசையவில்லை. ரீத்தா என் கையிலிருந்து குழாயை வாங்கி, தலைகீழாகவே கவிழ்த்துப் பார்த்தாள். கட்டி அப்படியே நின்றது.

நேற்று வீட்டுக்கு அனுப்பினேன். குழந்தை உதைக்கிறது. நீ செய்ததை இந்த ஆஸ்பத்திரியில் யாரும் கைதட்டிக் கொண்டாடவில்லை ரதீஷ். வராந்தாவில் நின்று வினோஜ் தன் அண்ணனிடம் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "கொண்டுவந்ததில இருந்து சீட்டுக்குச் சீட்டு லைட் அடிச்சுப் பாத்தாவ. பாம்புக்கு ஒரு ஊசிகூடப் போடல்ல, கேட்டியா? இதெல்லாம் ஒரு ஆஸ்பத்திரியா!"

கேட்டுக்கொண்டே அவரைத் தாண்டி, அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனேன்.

உன் அக்கா,
இந்துஜா